கடல் கடந்த கொள்முதலும் சுங்க வரியும்

பொருளின் விலை வேறு. அப்பொருள் நம் இல்லம் வந்து சேரும்போது ஆகும் அடக்கம் வேறு. சந்தையில் விதை நெல் வாங்கும் விவசாயியும், காஞ்சிபுரத்தில் பாவு நூல் வாங்கும் நெசவாளியும் இவ்வுண்மையை நன்கறிவர். வண்டிக் கூலி, சுமை கூலி, தரகு ஆகிய யாவற்றையும் கூட்டிப் பார்த்து, “அடக்கம் என்ன விழும்?” என்று கேட்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பது நம்மவர் வழக்கம். ஆயின், கைப்பேசித் திரையில் அயல்நாட்டு அங்காடியொன்று விரியும்பொழுது இவ்வழக்கத்தை நாம் மறந்துவிடுகின்றோம். திரையில் தோன்றும் விலையையே முழு விலையெனக் கொண்டு பணம் செலுத்துகின்றோம். சில நாட்கள் கழித்துச் சுங்க வரி என்னும் பெயரில் மற்றொரு தொகை நம் வாயிலில் வந்து நிற்கின்றது. இதனைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டுவனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் வாழும் பகுதி, கடல் கடந்த வாணிபத்திற்குப் புதியதன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் மோட்டார் வாகன உற்பத்தியைத் தொடங்கிற்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006ஆம் ஆண்டில் தொடங்கி 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இத்தகைய ஆலைகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் சுமந்த பெரும் பெட்டிகள் சென்னைத் துறைமுகத்திலிருந்து இரவும் பகலும் நமது நெடுஞ்சாலையில் ஓடுகின்றன. அப்பெட்டி ஒவ்வொன்றிற்கும் சுங்கக் கணக்கு உண்டு. அக்கணக்கைப் பார்க்க அனுமதி பெற்ற சுங்க முகவர்களும், சட்டம் கற்ற அலுவலர்களும் அவ்வாலைகளில் இருக்கின்றனர். ஆனால் அதே சாலையோரத்துச் சிற்றூரில் வாழும் நெசவாளி ஒருவர் அரைக்கிலோ எடையுள்ள உதிரிப் பாகம் ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்தால், அவருக்கும் அதே சட்டந்தான். முகவர் மட்டும் இல்லை.

நாம் அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வின்பொருட்டுச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தாள் ஒன்றைக் கொணர்ந்து காட்டினார். அவருடைய மின்னணு ஜக்கார்டுப் பெட்டியின் உறுப்பொன்று பழுதுற்றது. உள்ளூரில் கிடைக்கவில்லை என்று, தொழிற்சாலையில் பணிபுரியும் அவர் மைந்தர் கைப்பேசி வாயிலாக வெளிநாட்டிலிருந்து அதனை வரவழைத்திருந்தார். “ஐயா, பத்தாயிரத்துக்குச் சாமான் வாங்கினோம். வண்டிச் சத்தமும் முன்னரே கொடுத்துவிட்டோம். இப்பொழுது மேலும் மூவாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். இது நியாயந்தானா?” என்று அவர் கேட்டார். கேட்ட தொகை கையில் இல்லாமையால் பொட்டலம் வந்த பின்னரும் அவர் தறி பன்னிரண்டு நாட்கள் ஓடாமல் நின்றது. முகூர்த்த நாளுக்கென முன்பணம் வாங்கிய சேலை பாதியில் கிடந்தது. முன்னரே தெரிந்திருந்தால் அப்பணத்தை ஒதுக்கி வைத்திருப்பார். அல்லது சங்கத்தின் உதவியையேனும் நாடியிருப்பார். அறியாமையின் விலை, வரியைவிடப் பெரிதாயிற்று.

சுங்கம் என்பது யாது?

சுங்கம் நம் நாட்டில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழர்தம் புலி இலச்சினை பொறித்துப் பண்டங்களுக்குச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. முதற் குலோத்துங்க சோழனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று மக்கள் நினைவு கூர்ந்தமையால், சுங்கத்தின் சுமை அந்நாளிலேயே பெரிதாக உணரப்பட்டதென்பது விளங்கும். இந்நாளில் இதனை ஆள்வது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். 1878ஆம் ஆண்டின் கடற் சுங்கச் சட்டம் முதலியவற்றிற்கு மாற்றாக இயற்றப்பெற்ற இச்சட்டம், 1963ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. எப்பண்டத்திற்கு எவ்வளவு வரி என்பதை 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணை கூறும். அவ்வட்டவணையில் ஒவ்வொரு பண்டத்திற்கும் ஒரு தலைப்பெண் உண்டு. பட்டுத் துணிக்கு 5007; தறி முதலியவற்றின் துணைக் கருவிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் 8448; சொந்த உபயோகத்திற்காக அஞ்சல் வழியாகவோ விமானத்தின் வழியாகவோ வருவிக்கும் வரிக்குரிய பண்டங்களுக்கு 9804. பண்டம் எத்தலைப்பில் விழுகின்றதோ, அதற்கேற்ப வரியும் மாறும்.

வரி விதிப்பதன் காரணத்தையும் ஈண்டுச் சிந்தித்தல் தகும். 2021ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் கச்சாப் பட்டின் மீதும் பட்டு நூலின் மீதும் இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தப்பெற்றது. அதுவரை வரியின்றி வந்த பருத்திக்கும் அவ்வாண்டு வரி விதிக்கப்பெற்றது. குன்றத்தூரிலும் அய்யம்பேட்டையிலும் தறி நெய்வோர்க்கு இது சுமையாகத் தோன்றும். ஆனால் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மல்பெரி பயிரிட்டுப் பட்டுக்கூடு விற்போர்க்கு இது வேலி. மறுபுறம், 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 முதல் டிசம்பர் 31 முடியப் பருத்தியின் மீதிருந்த 11 சதவீத வரி நீக்கப்பெற்றபொழுது, ஆலைகள் மகிழ்ந்தன. பருத்தி பயிரிடுவோர் கவலையுற்றனர். நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஒருவருக்குச் சுமையாவது மற்றொருவருக்குக் காப்பாகின்றது. ஆகவே வரியை வெறுப்பதனால் பயனில்லை. அதனைக் கணக்கிட அறிதலே பயன் தரும்.

கணக்கிடும் முறை

அங்கத்தினர் பலர், “வரி நூற்றுக்குப் பத்து” என்று கேள்வியுற்றுப் பொருளின் விலையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எதிர்பார்க்கின்றனர். உண்மை வேறு. முதலாவது, வரி விதிப்பதற்குரிய மதிப்பு என்பது பொருளின் விலை மட்டுமன்று. அது வரும் சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்ததாகும். விமானத்தில் வரும் பொருளாயின், கட்டணம் எவ்வளவாயினும் பொருள் விலையில் 20 சதவீதத்திற்கு மேல் இக்கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. இரண்டாவது, இம்மதிப்பின் மேல் அடிப்படைச் சுங்க வரி விதிக்கப்படும். மூன்றாவது, அவ்வடிப்படை வரியில் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரியாகச் சேரும். சில பண்டங்களுக்கு இதனின்று விலக்கு உண்டு. நான்காவது, இவை யாவும் கூடிய தொகையின் மேல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி விதிக்கப்படும். இது 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆந் தேதி முதல் நடைமுறையில் இருக்கின்றது. அதாவது, வரியின் மேலும் வரி ஏறுகின்றது.

எடுத்துக்காட்டாக, பொருளின் விலை ரூ. 10,000 என்றும், சரக்குக் கட்டணமும் காப்பீடும் ரூ. 2,000 என்றும் கொள்வோம். அடிப்படை வரி 10 சதவீதம் எனவும், சரக்கு சேவை வரி 18 சதவீதம் எனவும் வைத்துக்கொள்வோம். கணக்கு பின்வருமாறு அமையும்:

வரிக்குரிய மதிப்பு: ரூ. 12,000.00
அடிப்படைச் சுங்க வரி: ரூ. 1,200.00
சமூக நலக் கூடுதல் வரி: ரூ. 120.00
இவற்றின் கூட்டுத் தொகை: ரூ. 13,320.00
ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி: ரூ. 2,397.60
வரிகளின் மொத்தம்: ரூ. 3,717.60
ஆகும் அடக்கம்: ரூ. 15,717.60

பத்தும் பதினெட்டும் கூடி இருபத்தெட்டு என எண்ணி ரூ. 2,800 ஒதுக்கியவர்க்குங்கூட ரூ. 917.60 குறைகின்றது. இவ்வடக்கத்திற்கு மேல், பொட்டலத்தைக் கொணரும் கூரியர் நிறுவனம் நமக்காக வரியை முன்கூட்டிச் செலுத்தியமைக்கு ஒரு கட்டணம் பெறும். இக்கட்டணம் பொட்டலம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவதால், சிறு பொட்டலத்திற்கே இதன் சுமை மிகுதி. அஞ்சல் வழியாக வருவன சென்னையிலுள்ள வெளிநாட்டு அஞ்சல் நிலையத்தில் சுங்க அலுவலரால் மதிப்பிடப்பெற்று, தபால்காரர் வாயிலாக வரியைப் பெற்றுக்கொண்டு ஒப்படைக்கப்படும்.

மேற்கண்ட விகிதங்கள் விளக்கத்தின்பொருட்டே கூறப்பட்டன. விகிதங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடும். சான்றாக, 2026ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1ஆந் தேதி தாக்கல் செய்யப்பெற்ற வரவு செலவுத் திட்டத்தில், சொந்த உபயோகப் பொருள்களின் மீதான அடிப்படை வரியை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. ஆகையால், பழைய விகிதத்தை மனத்திற்கொண்டு கணக்கிடாமல், வாங்கும் நாளில் உள்ள விகிதத்தைச் சங்கக் காரியாலயத்தில் கேட்டறிதல் நலம்.

அன்பளிப்பு என்னும் பெயரில்

“அன்பளிப்பு என்று எழுதி அனுப்பினால் வரியில்லை” என்னும் பேச்சு இன்னும் ஊர்களில் உலவுகின்றது. முன்னாளில் ரூ. 5,000 வரை மதிப்புள்ள மெய்யான அன்பளிப்புகளுக்கு விலக்கு இருந்தமையே இப்பேச்சின் வேர். இச்சலுகையைப் பயன்படுத்தி, இணைய அங்காடிகளில் விற்ற பண்டங்களை அன்பளிப்பெனப் பொய்யாக எழுதிச் சீனத்திலிருந்து பொட்டலம் பொட்டலமாக அனுப்பினர். இதன் விளைவாக, 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆந் தேதி வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன்படி, அன்பளிப்பு என்று கூறி வரியின்றி அஞ்சலிலோ கூரியரிலோ பண்டங்களை வருவிப்பது தடை செய்யப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும், ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு அளிக்கப்பெற்றது. சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் அனுப்பும் கைக்கடிகாரமாயினும், உரிய வரியைச் செலுத்தியே பெறுதல் வேண்டும்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் இதனைப் போன்றதே. அறிவித்த மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் மாறுபாடு காணப்பட்டால், சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம். அபராதம் கட்டி மீட்பதற்கு 125ஆம் பிரிவு வழி செய்கின்றதாயினும், ஆதாயம் தேடப் போய் முதலுக்கே நட்டம் வருவது அங்கேதான். வரி மிகுதி என்று சினந்து பொட்டலத்தை ஏற்காது விடுவதும் பயனற்றது. முப்பது நாட்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, அறிவிப்புக் கொடுத்து விற்றுவிடச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஆனால் வந்த பொருள் பழுதுற்றதாகவோ, கேட்ட வகையினின்று மாறுபட்டதாகவோ இருப்பின், வழி அடைபட்டு விடவில்லை. அதனைப் பயன்படுத்தாமல், சுங்கத்தினின்று விடுவித்த 30 நாட்களுக்குள் முறைப்படி திருப்பியனுப்பினால், செலுத்திய வரியைத் திரும்பக் கோர 26-ஏ பிரிவு உரிமை வழங்குகின்றது. பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி வைப்போர்க்கே இவ்வுரிமை பயன்படும்.

வரி கட்டினாலும் வாராதவை

விவசாய அங்கத்தினர்கள் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று விதை. 2003ஆம் ஆண்டின் பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணையின்படி, விதைகளையும் நாற்றுகளையும் இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் இன்றித் தருவித்தல் கூடாது. கண்கவர் மலர் விதை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றதென வாங்கினால், ஓர் ஊரின் தோட்டங்களைப் பாழாக்கும் நோயையும் உடன் வாங்கியவராவோம். 2020ஆம் ஆண்டில், கேளாமலே விதைப் பொட்டலங்கள் பல நாட்டினருக்கு வந்து சேர்ந்தன. நமது மத்திய வேளாண் அமைச்சகமும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் எச்சரிக்கை விடுத்தது. அத்தகைய விதையை மண்ணில் ஊன்றாமல் வேளாண்மை அலுவலரிடம் ஒப்படைப்பதே கடமை.

மற்றொன்று, மருந்து தெளிக்கும் டிரோன் என்னும் ஆளில்லா விமானம். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9ஆந் தேதி அறிவிக்கையின்படி, ஆராய்ச்சி, பாதுகாப்பு முதலிய சில நோக்கங்களுக்கன்றி, முழு டிரோன்களை இறக்குமதி செய்வது தடை செய்யப்பெற்றது. உதிரிப் பாகங்களுக்கு இத்தடை விதிக்கப்படவில்லை. அயல்நாட்டு அங்காடி பணத்தைப் பெற்றுக்கொண்டது என்பதனால், நம் நாட்டுச் சட்டம் அப்பொருளை அனுமதிக்கின்றது என்று கொள்ளலாகாது.

வஞ்சகர் வலை

சுங்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் எழும் அச்சத்தைச் சிலர் தம் பிழைப்பாக்கிக் கொண்டுள்ளனர். “வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பரிசு விமான நிலையத்தில் நிற்கின்றது, வரியை உடனே இக்கணக்கில் செலுத்துக” என்றும், “உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப் பொருள் இருக்கின்றது, உங்களைக் கைது செய்யப் போகின்றோம்” என்றும் தொலைபேசியில் மிரட்டுகின்றனர். சுங்க அலுவலர் எவரும் தனி மனிதரின் வங்கிக் கணக்கில் வரி செலுத்துமாறு தொலைபேசியில் கேட்பதில்லை. சுங்கத் துறையின் கடிதங்களில் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் ஆவண அடையாள எண் குறிக்கப்பெறுகின்றது. அதனை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பணத்தை இழந்தவர் வெட்கி மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுதல் வேண்டும். முறையீடு எவ்வளவு விரைவில் செல்கின்றதோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு மிகுதி.

நமது சேலைக்கும் இவ்விதியே

வாங்குவோர் இடத்தில் நின்று கண்ட இவ்வுண்மை, விற்போர் இடத்தில் நிற்கும்போதும் நமக்குப் பயன்படும். அயல்நாட்டில் வாழும் தமிழர், சங்கத்தின் பட்டுச் சேலையைப் படத்தில் பார்த்து வரவழைக்கும் காலம் இது. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு முதல் 800 டாலர் வரை மதிப்புள்ள பொட்டலங்கள் வரியின்றிச் சென்றன. அச்சலுகை 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆந் தேதி நிறுத்தப்பெற்றது. அதன் காரணமாக, அம்மாதம் 25ஆந் தேதி முதல் நமது அஞ்சல் துறை அந்நாட்டிற்குச் செல்லும் பெரும்பாலான பொட்டலங்களை ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் மாதம் 15ஆந் தேதி மீண்டும் தொடங்கிற்று. சிங்கப்பூரிலும் 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல், குறைந்த மதிப்புள்ள பொட்டலங்களுக்குச் சரக்கு சேவை வரி விதிக்கப்படுகின்றது. ஜக்கார்டு உறுப்புக்காக நம் அங்கத்தினர் வாயிலில் நின்று திகைத்ததைப் போன்றே, நம் சேலையை வாங்கிய அம்மையாரும் தம் வாயிலில் நின்று திகைக்கக்கூடும். “அந்நாட்டு வரி தங்களைச் சார்ந்தது” என்றோ, “வரியும் விலையில் அடங்கியது” என்றோ முன்னரே எழுதி அறிவிப்பது சங்கத்தின் நாணயத்தைக் காக்கும்.

சங்கங்களின் கடமை

தனியொருவர் தோளில் சுமையாவதைப் பலர் தோளில் எளிதாக்குவதே கூட்டுறவு. பத்து அங்கத்தினருக்கு ஒரே வகை உறுப்பு வேண்டுமாயின், பத்துப் பொட்டலங்களுக்குப் பத்துக் கட்டணம் ஏன்? சங்கத்தின் பெயரில் ஒரே சரக்காக வருவித்தால் கூரியர் கட்டணமும் சரக்குக் கட்டணமும் பங்கிடப்படும். அதற்கு வேண்டுவது ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். ரூ. 500 கட்டணத்தில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தில் இணையவழி விண்ணப்பித்துப் பெறலாம். இதைவிடப் பெரிய நன்மையும் ஒன்றுண்டு. சரக்கு சேவை வரியில் பதிவு பெற்ற சங்கம், தன் தொழிலுக்கென முறையான இறக்குமதிப் பட்டியலுடன் வருவித்தால், செலுத்திய ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியைச் சட்ட வரையறைக்குட்பட்டு உள்ளீட்டு வரவாகக் கொள்ளலாம். மேற்காட்டிய கணக்கில் ரூ. 2,397.60 இவ்வாறு வரவாகக்கூடியது. தனி மனிதருக்கு இவ்வழி இல்லை.

எனவே, ஒவ்வொரு சங்கத்தின் செயலாளரும் நிர்வாகக் குழுவினரும் மூன்று காரியங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். அங்கத்தினருக்கு வேண்டிய வெளிநாட்டு உறுப்புகளைக் குறிக்க ஒரு பதிவேடு வைத்து, மூன்று திங்களுக்கொருமுறை கூட்டாக வாங்குக. வாங்குமுன் அடக்கக் கணக்கை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. அங்கத்தினரின் மக்களுள் தொழிற்சாலைகளில் பணிபுரிந்து இத்துறை அறிந்தோர் பலர் உளர். அவர்களைப் பொதுக்குழுவிற்கு அழைத்து விளக்கச் செய்க.

அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. திரையைத் தொடுமுன் ஒரு தாளை எடுங்கள். விலை, சரக்குக் கட்டணம், மூவகை வரி, கூரியர் கட்டணம் ஆகியவற்றை வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். கூட்டிய தொகைக்கு அப்பொருள் தகுமாயின் வாங்குங்கள். தகாதாயின் உள்ளூரில் கிடைப்பதைத் தேடுங்கள். தாளில் ஐயம் எழுந்தால், சங்கக் காரியாலயத்தின் கதவு திறந்தே இருக்கின்றது.